வெள்ளைப் படலம் பனிமூட்டம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வந்த கணினி ஓவியக் கட்டுரை, பனிமூட்டத்துக்குப் படத்தின் மேல் வெள்ளைப் படலம் ஒன்றை விரித்தால் போதும் என்கிறது. போதாது. பக்கத்து வேலிக்கம்பும் தொலைவு மலையும் ஒரே அளவில் வெளுத்து, தூசி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போலிருக்கும்.

தூரம் கூடக் கூட மூட்டம் ஏற வேண்டும். கணக்கு எளிது: 3.912ஐப் பார்வை எட்டும் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் அடர்த்தி. டர்பன்–ஜோகன்னஸ்பர்க் சாலையிலுள்ள வான் ரீனன் கணவாயில் 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத காலை வேண்டுமா? சுமார் 0.02. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மூட்டம் உண்டாக்கும் வால்யூம் ஸ்கேட்டரில் அடர்த்தி 1.0 என்றே தொடங்கும். அப்படியே விட்டால் நாலே மீட்டரில் எல்லாம் மறைந்துபோகும்!

இந்த மூட்டத்தை வேர்ல்டில், அதாவது காட்சியைச் சூழ்ந்த எல்லையற்ற வெளியில், போடுவது அடுத்த பிழை. முடிவில்லாத மூட்டத்தைத் தாண்டிச் சூரிய ஒளி வராமல், பிளெண்டரில் ஒளியைக் கணக்கிட்டுப் படம் தரும் சைக்கிள்ஸில் காட்சி இருண்டுவிடும். நிலப்பரப்பை மூடும் பெட்டிக்குள் போடுங்கள். கேமராவும் உள்ளேயே இருக்கட்டும். ஒளி எந்தப் பக்கம் அதிகம் சிதறும் என்பதைக் குறிக்கும் அனைசோட்ரோபி 0.7 முதல் 0.8 வரை. நீர்த்துளி ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பதால், எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தானாக விழும். உயரம் ஏற ஏற அடர்த்தி குறையட்டும்.

நிறம் வெள்ளையை ஒட்டியே இருக்க வேண்டும். சாம்பல் கொடுத்தால் கரும்புத் தோட்டத்துப் புகையாகிவிடும். நீலம் தெளிந்த நாளின் தொலைவு மலைகளுக்குத்தான்.

கணினி திணறினால் தூரத்தை மட்டும் காட்டும் தனிப் படமான மிஸ்ட் பாஸ் எடுத்து, படங்களை ஒன்றிணைக்கும் கம்பாசிட்டரில் சேர்க்கலாம். ஒளிவட்டம் மட்டும் கிடைக்காது.

ஒரு வாசகர்,
டர்பன்