முதியோர் இல்லங்களில் இருப்போருக்காகக் கதைக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் 1 வந்தால் சிறுவர் தினத்தோடு சேர்த்து முதியோர் தினத்தையும் கொண்டாடுகிறோம். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் நல்ல பழக்கமும் திருகோணமலையில் இருக்கிறது. அது தொடரட்டும். ஆனால் வாராவாரம் போய் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டு, அதைச் சரிசெய்ய அலைவதற்குத்தான் ஆள் இல்லை.

நாங்கள் சிலர் இந்த வேலையைச் செய்து வருகிறோம். காதில் விழும் குறைகள் பெரும்பாலும் சின்னவை. மூக்குக்கண்ணாடி உடைந்து மாதக்கணக்காகியிருக்கும். கிளினிக் திகதி தவறியிருக்கும். தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க ஒருவரும் இல்லாமல் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு கதைக்க வேண்டும், நம்பர் இல்லை. விடியவே பச்சைத்தண்ணீரில் குளிக்க வைக்கிறார்கள் என்று ஒரு அம்மா சொல்வார். உடனே கையைப் பிடித்து, "மேல சொல்லிடாதீங்க பிள்ளை, பிறகு எங்களைத்தான் ஏசுவாங்க" என்பார். மூவினமும் வாழும் ஊர் இது. சிங்களம் மட்டுமே தெரிந்த ஐயா ஒருவருக்குத் தன் வலியைச் சொல்லவே இன்னொருவர் தேவைப்படுகிறது.

அந்த அம்மாவின் பயத்தை நாம் மதிக்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் ஒரு சொல்லும் நிர்வாகத்திடம் போகக்கூடாது. அமெரிக்காவில் இப்படிக் குரல் கொடுக்கும் திட்டத்தை 1972இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1978இல் எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாக்கினார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்களும் அதில் வேலை செய்கிறார்கள். அங்கும் சம்மதம்தான் முதல் விதி.

நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இல்லங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. தம்மைப் பார்க்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. கட்டிலை விட்டு எழும்ப முடியாதவருக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

பிரதேச செயலகங்களில் முதியோருக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பிரதேசம் முழுவதையும் பார்க்கும் அவர்களால் ஒவ்வொரு கட்டிலருகிலும் உட்கார முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், தபால் ஊழியர்கள் எத்தனையோ பேர் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமானவர்களுக்குச் செயலகமே பயிற்சியும், இல்லங்களுக்குள் போக ஒரு அனுமதிக் கடிதமும் கொடுக்க வேண்டும். இப்போது எங்களைப் போன்றவர்கள் போவதும் வருவதும் நிர்வாகத்தின் தயவில்தான். அடுத்த நிர்வாகி வேண்டாமென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.