உலக்கை தட்டிய இடம்

எங்கள் தெருக்காரர்களுக்கும், வார்டு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், பேரைப் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒருவருக்கும்,

அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்து, அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்து, "துடைக்கவே இல்லையா?" என்று கேட்டார். இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன்.

மழைத் தண்ணீர் தெருவில் நின்று, அம்மா அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வியாழக்கிழமை ராத்திரி நடந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு நான் சொல்லி என்ன தெரியவேண்டும்? அடுத்த நாள் பேப்பரிலும் கொஞ்சம் வந்தது. இது நன்றி சொல்வதற்கு மட்டும். எனக்கு எழுத்து நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதின கை.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் பச்சைச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். யாரோ விலாசம் தேடி வந்தவர் என்று நினைத்து, "யாரும்மா வேணும்?" என்று கேட்டேன். "இன்னா டீச்சரம்மா, நான்தான்" என்று சிரித்தார். சிரித்த பிறகும் இரண்டு நொடி ஆனது. பதினொரு வருஷமாக விடிகாலையில் எங்கள் தெருவைக் கூட்டுகிறவர். அந்த யூனிபார்ம் கோட்டு இல்லாமல், துடைப்பம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அன்று அவருக்கு லீவு. விரிஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தன் காசில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் ஜல்லி கொட்டித் தெருவில் இருக்கிற பள்ளத்தை மூடி, மேலே சிமெண்ட் போட்டுவிடப் போகிறார்கள் என்று சனிக்கிழமை மேஸ்திரி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் இவருக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை.

"அங்க பாலம் கீதும்மா. மூடிட்டாங்க. மேல சிமெண்டு போட்டுட்டா அப்புறம் பத்து வருசத்துக்கு எவனும் உடைக்க மாட்டான். உங்க வீட்ல கடப்பாரை இருக்குதா?"

கடப்பாரை இல்லை. அம்மாவின் உலக்கை இருந்தது. இரும்புப் பூண் போட்டது, கல்யாணத்துக்கு ஆம்பூரிலிருந்து வந்தது. மாவரைக்க மெஷின் வந்த பிறகு கதவு மூலையில் சாத்தியே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய், தெரு முனையில் புங்கமரத்திலிருந்து ரோட்டின் குறுக்கே அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யாருக்கு என்ன சீர் இடிக்கிறார்கள் என்று ஒரு பாட்டி கேட்டார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. வெறும் பானையைத் தட்டின மாதிரி. இன்னும் நாலு தட்டு, அதே சத்தம். "கோலமாவு எடுத்தாங்க" என்றார். எடுத்து வந்தேன். அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

சிமெண்ட் ரோடு வருவதற்கு முன்னால் அங்கே ஒரு வாய் இருந்திருக்கிறது. இலையும் மண்ணும் அடைத்துக்கொள்ளும், மூங்கில் குச்சியால் இவர்தான் குத்திவிடுவார். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் அதில் விழுந்து ரோட்டுக்கு அடியிலேயே எதிர்ப்பக்க ஓடைக்குப் போய்விடும். எங்கள் சத்துவாச்சாரி 2011-ல் வேலூர் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால், தனி நகராட்சியாக இருந்த காலத்துக் கல்பாலம். ரோடு போட்ட ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வாயோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். அன்றைக்கே இவர் சொல்லியிருக்கிறார். "கூட்டற வேலைய மட்டும் பாரு" என்று பதில் வந்திருக்கிறது. அது யார் என்று இவருக்கும் தெரியாது, நானும் தேடவில்லை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. ஒரு காலத்தில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். பழைய தளத்தை அகற்றிவிட்டுத்தான் புதிய ரோடு போடவேண்டும், தெருவின் மட்டம் உயரக்கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். அதைப் பத்து மனுவில் நானே எழுதியிருக்கிறேன். பாதாள சாக்கடைக்குத் தோண்டின பள்ளத்தை ஒரே நாளில் மண் தள்ளி மூடாமல், அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உள்வாங்கும் என்றும் எழுதினேன். எல்லாம் சரியான விஷயம்தான். ஆனால் தண்ணீருக்கு ஒரு வழி இருந்தது, அது மூடிக் கிடக்கிறது என்பது அந்தப் பத்து மனுவிலும் இல்லை. தெருவைக் கூட்டுகிறவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். காபி போட்டேன், நின்றபடியே குடித்தார். சார்ஜுக்கு நூறு ரூபாய் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஜேசிபி வந்தபோது கோலமாவு வட்டம் அப்படியே இருந்தது. ராத்திரி மழை வராதது மலைமேல் இருக்கிற சாமி புண்ணியம். ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக வந்தவர் சின்னப் பையன், என் மாணவன் வயது. வட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க இங்க கோலம் போட்டது?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் விவரம் சொன்னார். வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பார்கள். இவர் ஜேசிபியை நிறுத்தச் சொன்னார். இரண்டு தெரு தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவை அழைத்துவரச் சொல்லி, "நீங்க காட்டுங்கக்கா" என்றார். அந்த "அக்கா"வுக்காகவே அந்தப் பிள்ளைக்கு என் நன்றி. உடைத்தபோது ஓர் அடி ஆழத்தில் பலகைக்கல். அதன் கீழே இரண்டு டிராக்டர் வண்டல், ஷாம்பு பாக்கெட், தேங்காய் மட்டை, எந்தப் பிள்ளையுடையதோ ஒரு டிபன் பாக்ஸ். அள்ளின மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் அன்றைக்கே வண்டியில் ஏற்றினார்கள். கரையில் வைத்தால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதானே போகும்? அதையும் அக்காதான் நின்று சொன்னாராம். போன வாரம் மறுபடி கொட்டியபோது எங்கள் தெருவில் தண்ணீர் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை என்று எல்லோரும் போன் போட்டுச் சொன்னீர்கள்.

மற்றவர்களையும் சொல்லவேண்டும். அன்று ராத்திரி ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே மெயின் ரோடு வரை வந்த மூன்று பையன்கள், பெயர்கூடத் தெரியாது. ரத்தம் கொடுத்த இஸ்திரிக் கடைக்காரர். தினமும் ஆஸ்பத்திரிக்கு ரசம் கொடுத்தனுப்பிய பக்கத்து வீடு. இரவு பதினோரு மணிக்கும் போனை எடுத்த கவுன்சிலர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்தில் எனக்குப் பதிலாக வரிசையில் நின்ற பென்ஷன்கார அண்ணன். பிளீச்சிங் பவுடர் போட வந்தவர்கள். எல்லோருக்கும் கைகூப்பு. தனித்தனியாக வீட்டுக்கு வந்து சொல்வேன்.

அக்காவுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று இந்த மூன்று வாரமாக யோசித்தேன். ஒன்று உடனே தெரிந்தது. அவர் விசில் ஊதுகிறபோது நான் கொடுப்பது ஒரே பை. சோறு, கண்ணாடித் துண்டு, அம்மாவின் ஊசி, எல்லாம் அதற்குள், வாயை இரண்டு முடிச்சுப் போட்டு. அதை அவர்தான் கையால் அவிழ்த்துப் பிரிக்கிறார். மக்குவது, மக்காதது, ஊசி மருந்து மாதிரி ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது 2016-லேயே வந்த விதி. பள்ளிக்கூடத்தில் அதை நான் பாடமே நடத்தியிருக்கிறேன். சதுப்பேரி ஏரியில் ஊர்க் குப்பையைக் கொட்டி, அது புகைந்த காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். இப்போது வார்டுக்கு உள்ளேயே சாணம் தெளித்து உரமாக்குகிறார்கள் என்றால், அங்கே போகிற ஒவ்வொரு பையையும் ஒரு கை பிரித்திருக்கிறது. நேற்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று டப்பா. ஐப்பசிக்கு முன்னால் அந்தப் பாலத்து வாயை எட்டிப் பார்ப்பதும் இனி என் வேலை. மூங்கில் குச்சி வாங்கிவிட்டேன்.

வார்டு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரே விண்ணப்பம். எந்தத் தெருவில் ரோடு போட அளவு எடுக்க வந்தாலும், அந்தத் தெருவைக் கூட்டுகிறவரோடு அரைமணி நேரம் நடந்துவிட்டு அளவு நாடாவைப் பிரியுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு வார்டில் கூட்டம் போடுகிறீர்கள். நான் வந்த கூட்டத்தில் தூய்மைப் பணியாளர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த முறை எங்கள் தெரு சார்பில் ஒரு நாற்காலி நாங்களே கொண்டு வருகிறோம். அதில் யார் உட்காரவேண்டும் என்று இனி சொல்லத் தேவையில்லை.

பேரை ஏன் போடக்கூடாது என்று கேட்டேன். "கான்ட்ராக்டு வேலைம்மா, எதுக்கு வம்பு" என்றார்.

இன்று காலை அம்மா பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்ததால் அவரை உள்ளே கூப்பிட்டேன். வேலை நேரம், உட்கார மாட்டேன் என்று ஜன்னலோரம் நின்றுகொண்டார். அம்மா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாலம் புங்கமரத்துக்கிட்ட இல்லடி, ரெண்டு வீடு தள்ளி இருந்தது, நான் 84-ல இருந்து இங்க இருக்கேன்" என்று ஆரம்பித்தார். "இல்ல பெரிம்மா, மரத்துக்கிட்டதான்" என்று இவரும் விடவில்லை. காபி ஆறுகிற வரைக்கும் நடந்தது. உலக்கை கதவு மூலைக்கே திரும்பிவிட்டது. பூணில் மட்டும் கொஞ்சம் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது, அம்மா இன்னும் பார்க்கவில்லை.