சேகருக்கு: பழைய எச்61 கணினியில் பிராசசரும் வீடியோ மெமரியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் மதர்போர்டு படங்களும் வந்து சேர்ந்தன. கயல் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பழைய கணினியை அவளுடைய எடிட்டிங்குக்குத் தேற்றிவிடலாம். ஆனால் பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) "வீடியோ மெமரியை ஏற்றிவிட்டால் போதும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாயே, அதை விட்டுவிடு.

உன் போர்டில் வீடியோ மெமரி என்று தனியாக எதுவும் கிடையாது. ஐ3-2120 பிராசசருக்குள் இருக்கும் எச்டி 2000 கிராபிக்ஸ் தனக்கு வேண்டியதை ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பயாஸில் தெரியும் 32, 64, 128 எம்பி எல்லாம் ஆரம்பத்தில் ஒதுக்கிவைக்கும் பங்கு. அதற்குமேல் தேவைப்பட்டால் டிரைவரே வாங்கிக்கொள்ளும். எண்ணை ஏற்றினால் விண்டோஸுக்கு மிஞ்சும் ரேம் குறையும், வேகம் கூடாது. நொடிக்கு எவ்வளவு தரவு வந்துபோகிறது என்பதே இங்கே பெரிய விஷயம். படத்தில் ஒரே ஒரு 4 ஜிபி ரேம் தெரிகிறது. டிடிஆர்3-1333 ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 10.6 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ரேம் போட்டால் டூயல் சேனலாகி, அதாவது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு போய், 21.3 ஆகிவிடும். உன் போர்டின் எச்61 சிப்செட் தாங்குவது அதிகபட்சம் 16 ஜிபி. எடிட்டிங் என்பதால் இரண்டு 8 ஜிபியாகவே போடு. மலிவாகக் கிடைக்கிறது என்று சர்வர் ரேமையோ, "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கும் ரேமையோ வாங்காதே. உன் போர்டில் அவை ஓடாது.

பிராசசருக்கு ஐ5-3470 போதும். இப்போது இருப்பது இரண்டு கோர், 65 வாட். அது நான்கு கோர், 77 வாட், சாக்கெட் அதே 1155. ஐ7-3770 நல்லதுதான், எட்டுத் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்) உண்டு, ரெண்டர் செய்யும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் 1155-இல் எதைப் போட்டாலும் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் வராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸும், அதில் ஓடும் எடிட்டிங் மென்பொருளான கேடென்லைவும்தான் இனி இந்தக் கணினிக்குப் பொருந்தும் வழி. அதனால் ஐ7-க்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதே. 'கே' என்று முடியும் மாடலுக்கும் கொடுக்க வேண்டாம், எச்61-இல் ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது. ஜியான் இ3-1230 வி2 என்ற சர்வர் பிராசசரைச் சொன்னார்கள் என்றால், அதில் கிராபிக்ஸே இல்லை; தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

பலரும் தடுக்கிவிழுவது பயாஸில். எச்61 போர்டுகள் 2011-இல், இரண்டாம் தலைமுறை பிராசசருக்காக வந்தவை. மூன்றாம் தலைமுறை 2012-இல் வந்தது. பழைய பயாஸோடு 3470-ஐப் போட்டால் ஃபேன் சுற்றும், படம் வராது, பிராசசர் கெட்டது என்று கடையில் சண்டை நடக்கும். ஆகவே புதிய பயாஸை ஐ3 இருக்கும்போதே ஏற்றிவிடு. போர்டின் பெயரோடு, அதில் அச்சிட்டிருக்கும் ரெவ் (திருத்தப் பதிப்பு) எண்ணையும் பார். ரெவ் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறும். தயாரிப்பாளர் தளத்தின் பிராசசர் பட்டியலில் 3470-க்கு எந்தப் பயாஸ் பதிப்பு என்று போட்டிருக்கும். சில போர்டுகளில் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றச் சொல்வார்கள், அந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாதே. ஃபேட்32 பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் கருவி வழியாகவே ஏற்று, விண்டோஸிலிருந்து வேண்டாம். யூபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. ஏற்றுவதற்கு முன் சாட்டா மோடு (ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐயா ஐடிஈயா என்று எழுதிவை. பயாஸ் ஏறியதும் அது மாறிப்போனால், விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். பழையபடி வைத்தால் சரியாகிவிடும்.

மாற்றும்போது ஹீட்சிங்கின் நான்கு பின்களையும் அம்புக்குறிப் பக்கம் திருப்பி இழு. பிராசசரைத் தொடும் மெல்லிய பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. அவை மேல் விரலோ துணியோ பட்டால் வளைந்துவிடும். பிராசசரின் இரண்டு வெட்டுகளும் சாக்கெட்டின் மேடுகளோடு பொருந்த, அழுத்தாமல் வை. சாக்கெட்டை மூடும் லீவர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது இயல்பு. காய்ந்த பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அரைப் பட்டாணி அளவு புதியதை நடுவில் வை. ஹீட்சிங்கை மேலே வைத்து, அதன் பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்து. போர்டின் பின்புறம் நான்கும் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று பாதியில் நின்றாலும் லோடில் 90 டிகிரியைத் தாண்டும். சரியாக உட்கார்ந்தால் 60-75-க்குள் நிற்கும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. கயலின் போனில் 4கே எச்ஈவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) எடுக்கிறாள் என்றால் கார்டு தேவைதான். 2120-ஓ 3470-ஓ அந்த வடிவத்தை வன்பொருளில் விரிக்காது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு விரிக்கும், என்கோடும் செய்யும், அதாவது திரும்பச் சுருக்கியும் தரும். 4 ஜிபி ஜிடிடிஆர்5, நொடிக்கு 112 ஜிபி. ஜிடி 1030-இல் என்கோடர் கிடையாது. அதிலும் டிடிஆர்4 வகை 16.8 ஜிபிதான் தரும், ஜிடிடிஆர்5 வகை 48. பெட்டியில் பெரிதாக 4 ஜிபி போட்ட ஜிடி 730-இல் 64 பிட் டிடிஆர்3 வகை வெறும் 14.4. உன் இரட்டை ரேமே அதைவிட வேகம்! ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-யும் வேண்டாம், அதிலும் என்கோடர் இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் பழையது வாங்கினால், கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல். 1050 டிஐ என்றால் 768 ஷேடர் (கார்டு சிப்பின் கணக்கிடும் அலகுகள்) காட்ட வேண்டும். பழைய சிப்புக்குப் பெயர் மாற்றி விற்கும் போலிகள் உண்டு. விஜிஏ சாக்கெட் இருந்தால் அப்போதே சந்தேகப்படு, அந்தத் தலைமுறைச் சிப்பில் அனலாக் வெளியீடே இல்லை. உன் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்பதால் எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்.

எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றியே தீர வேண்டும். லேபிளில் 450 வாட் என்று இருந்தாலும் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர்தான் போட்டிருக்கிறது, 168 வாட். பிராசசர் 77, கார்டு 75, மற்றவை ஒரு 40-50 என்றால் 200 ஆகிவிடும். 12 வோல்ட்டில் 25 ஆம்பியருக்குக் குறையாத நல்ல கம்பெனியாக எடு. கார்டில் தனிப் பவர் கனெக்டர் இல்லாத மாடலாகப் பார்த்தால் அடாப்டர் வயர் ஒட்டும் தொல்லையும் வராது.

ரேம், பயாஸ், பிராசசர், எஸ்எம்பிஎஸ், கார்டு என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒருநாள் ஓடவிடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு எதில் என்று தெரியாது. படத்தில் பிராசசர் பக்கத்துக் கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பினாற்போல் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்து எழுது. உப்பியிருந்தால் ஒன்றும் வாங்காதே, முதலில் போர்டைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். ரெவ் எண்ணையும் சேர்த்து அனுப்பு, எந்தப் பயாஸ் என்று பார்த்துச் சொல்கிறேன்.

கயலுக்கு என் வாழ்த்துகள்.

அன்புடன்,
மாறன்