மலைச் சைக்கிள்: விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரேக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், மண்ணும் கல்லுமான பாதைகளில் ஓட்டுகிற மலைச் சைக்கிள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விளையாட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தில் படம் போட்டிருந்த வண்டிகள் எல்லாமே லட்சத்துக்கு மேல். கார்பன் பிரேம், 12 ஸ்பீடு கியர், முன்னும் பின்னும் ஏர் சஸ்பென்ஷன். என் பட்டறையில் வேலை செய்யும் தம்பி அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தான், அப்புறம் "இதெல்லாம் நமக்கு ஆகாதுங்கண்ணா" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டான். அவன் தினமும் 11 கிலோமீட்டர் சைக்கிளில் வேலைக்கு வருகிறவன். அவன் அப்படிச் சொன்னது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 44. ஒன்பது வருடமாக மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். துடியலூரைத் தாண்டி பன்னிமடை, தடாகம் பக்கம் இருக்கிற செம்மண் பாதைகளும் குளக்கரைகளும்தான் எனக்கு மைதானம். பரிசு எதுவும் வாங்கியவன் இல்லை, வருடத்துக்கு இரண்டு போட்டியில் கலந்துகொள்வேன், முடிப்பேன், அவ்வளவுதான். இந்த ஒன்பது வருடத்தில் நான் பார்த்த வரைக்கும், நம் ஆட்கள் இந்த விளையாட்டில் அடிபடுவதும் சீக்கிரமே விட்டுவிடுவதும் வண்டி விலை குறைவு என்பதால் இல்லை. எதற்கு முதலில் செலவழிப்பது என்று யாரும் சொல்லித் தராததால்தான்.

ஒன்று சொல்கிறேன். போன கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, எட்டாம் வகுப்பு முடித்தவன், அவன் அப்பா புது கியர் சைக்கிள் வாங்கித் தந்தார். 12,000 ரூபாய். டபுள் சஸ்பென்ஷன், 21 கியர், பளபளவென்று பச்சை நிறம். மூன்றாம் நாள் பையன் வந்து "பிரேக் புடிக்கவே மாட்டேங்குதுங்க மாமா" என்றான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவையை, அதாவது போர்க்கையே பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள்! முன் பிரேக்கின் இரண்டு கைகளும் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டியவை, பிரேமைப் பார்த்து இருந்தன. ஹேண்டிலை ஒடித்தால் பெடலில் இருக்கிற காலின் நுனி முன் சக்கரத்தில் இடித்தது. பிரேக் கட்டை பாதி ரிம்மிலும் பாதி டயரிலும் உட்கார்ந்து டயரின் பக்கச் சுவரை உரசி, அந்த இடத்தில் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. மூன்றே நாளில். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் டயர் வெடித்திருக்கும், அது இறக்கத்தில் வெடித்திருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஹேண்டிலைப் போர்க்கோடு சேர்க்கிற ஸ்டெம்மைத் தளர்த்தி, போர்க்கை அரை வட்டம் திருப்பி, கேபிளைப் புதிதாக இழுத்துக் கட்டி, கட்டையை ரிம்மின் நடுவுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு ஆலன் கீ, ஒரு ஸ்பேனர், வேறு எதுவும் தேவைப்படவில்லை. பையனின் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு "புது வண்டிங்க, கடையிலேயே மாட்டிக் குடுத்ததுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? அட்டைப் பெட்டியில் வருகிற வண்டியை அவசரத்தில் மாட்டிக் கொடுக்கிறார்கள், வாங்குகிறவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. இதே மாதிரி போர்க் திரும்பிய சைக்கிள்களை அதற்குப் பிறகு எங்கள் பகுதியிலேயே நான்கு பார்த்துவிட்டேன், நான்கையும் சின்னப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் பிரேக்கில்தான் ஆரம்பிக்கிறது. 1976 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நண்பர்கள் கொஞ்சம் பேர் பழைய தடித்த டயர் சைக்கிள்களை ஒரு மண் பாதையில் மேலிருந்து கீழே யார் வேகமாக இறக்குவது என்று போட்டி வைத்தார்கள். 1930, 40-களில் செய்த வண்டிகள், பலவும் பழைய சாமான் கணக்கில் வாங்கியவை. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் அந்த பிரேக் சூடேறி உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகிப் போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்காமல் ஓட்ட முடியாது. அப்படி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற வார்த்தையே அந்தப் பாதைக்கும் போட்டிக்கும் பெயராகி 'ரீபேக்' என்று நின்றுவிட்டது. அங்கே ஓட்டிய ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள்தான் பிறகு மலைக்கென்றே பிரேம் கட்டினார்கள், வண்டி விற்றார்கள். 20 வருடத்தில், 1996 அட்லாண்டாவில், இது ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. ஆரம்பித்தவர்கள் கையில் லட்ச ரூபாய் வண்டி இல்லை என்பதை எங்கள் பட்டறைத் தம்பிக்குச் சொன்னேன், உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

சரி, கையில் இருக்கிற காசை எதில் போடுவது? என் அனுபவத்தில் பிரேக், டயர், ஹெல்மெட், இந்த மூன்றுக்குப் பிறகுதான் மற்றது எல்லாம். 12,000 ரூபாய்க்கு டபுள் சஸ்பென்ஷன் என்று விற்கிற வண்டியில் பின்னால் இருப்பது வெறும் ஸ்பிரிங். வண்டி கனம், மேட்டில் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். அதே காசுக்குப் பின்னால் ஸ்பிரிங் இல்லாத சாதாரண வண்டி வாங்கி, நல்ல பிரேக் கட்டையும் புது கேபிளும் போட்டால் அது எவ்வளவோ மேல். கொஞ்சம் சேர்த்து வைத்து வாங்க முடிகிறவர்கள் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருக்கிற வண்டியாகப் பாருங்கள், ஒரே விரலில் பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் கை சோர்ந்து போகாது. ஹெல்மெட் 2,000 ரூபாய் சுற்றிலேயே நல்லது கிடைக்கிறது, உள்ளே இஎன் 1078 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குள் இருப்பது தெர்மாகோல் மாதிரியான பொருள்தான், ஒரு தடவை பலமாக அடிபட்டால் நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி மாட்டக் கூடாது.

டயர் விஷயத்தில்தான் நானே பெரிய தப்பு செய்தேன். நம் ஊரில் காற்று அடித்தால் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. ரோட்டில் ஓட்டுகிற சைக்கிளுக்கு அது சரி. மண்ணிலும் கூழாங்கல்லிலும் ஓட்டுகிற அகல டயரில் அப்படி அடித்தால் ஒவ்வொரு கல்லிலும் வண்டி எகிறும், டயர் தரையைப் பிடிக்காது. என் எடை 72 கிலோ, 29 அங்குல சக்கரம், 2.25 அங்குல அகல டயர். டியூப் இருந்தால் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்கிறேன். உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால் 20-ம் 23-ம் போதும். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிப் பாம்பு கடித்த மாதிரி பக்கத்து பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதனால் அழுத்தம் காட்டுகிற கேஜ் வைத்த பம்பு ஒன்று வீட்டில் அவசியம் வேண்டும். எங்கள் பக்கம் சீமைக் கருவேல முள் வேறு, ஒரு காலையில் இரண்டு டயரிலும் சேர்த்து ஏழு முள் எடுத்திருக்கிறேன். டியூப்லெஸ்ஸில் உள்ளே ஊற்றுகிற சீலண்ட் அந்த மாதிரி சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும், ஆனால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே காய்ந்துபோகும், பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும்.

முதல் போட்டிக்கு நான் 50 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு போனேன். 5 கிலோமீட்டர் சுற்று, நான்கு சுற்று. விசில் அடித்ததும் முன்னால் போகிற கூட்டத்தோடு நானும் மூச்சைப் பிடித்து ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் உதிரிக் கல் கிடந்த இறக்கத்தில் முன் சக்கரம் எகிறி, இறங்குகிற நேரத்தில் பிரேக்கைப் பயத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டேன். தலை ஒரு பாறை விளிம்பில் பட்டது. ஹெல்மெட்டின் வலது பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். எனக்கு முழங்கையில் ஆறு தையலோடு போனது. என்னைத் தாண்டிப் போன ஒரு பெரியவர், 60 வயது இருக்கும், "இடது பக்கம் வர்றேன் தம்பி" என்று குரல் கொடுத்தபடியே வந்தவர், நான் கிடந்ததைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, நான் எழுந்து நிற்கிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார். அவருக்கு அதில் எத்தனை இடம் போனதோ.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பயிற்சி ஆரம்பித்தேன். வேலைக்குப் போகிறவனுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும், நான் உறுதியாகச் சொல்கிறேன். ஒரு நாள் மேடு: மூன்று நிமிடம் மூச்சு வாங்க ஏறுவது, மூன்று நிமிடம் மெதுவாக இறங்குவது, இப்படி ஐந்து தடவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று மணி நேரம் நிதானமாக, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட்ட வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நிறையப் பேர் இந்த நிதானத்தில்தான் தோற்கிறார்கள், தினமும் முழு பலத்தில் ஓட்டி ஒரு மாதத்தில் சலித்துப்போகிறார்கள். மூன்றாவது நாள் வண்டியைக் கையாளப் பழகுவதற்கு. சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்கையும் முழங்காலும் தளர்வாக, திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடித்து திருப்பத்தில் விட்டுவிடுவது, கண் சக்கரத்தை அல்லாமல் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது. பொங்கலுக்கு நம் ஊர்களில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள் இல்லையா, காலை ஊன்றாமல் கடைசியாக வந்தால் பரிசு, அதைவிட நல்ல பயிற்சி இதற்குக் கிடையாது. பாறைக்கு நடுவில் மெதுவாக நுழைந்து வர அதே சமநிலைதான் வேண்டும்.

சாப்பாட்டுக்கும் வெளிநாட்டுப் பாக்கெட் தேவையில்லை. நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் போதும், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் பக்கம் இருக்கிறது. நான் இரண்டு பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எடுத்துப் போகிறேன்.

பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். போட்டியில் உதவி வாங்குவதற்கென்று குறித்த இடத்தைத் தவிர வேறு எங்கும் யாரும் வந்து சரிசெய்து தர முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன்னணியில் இருக்கும்போது பஞ்சர் ஆகி, அந்த இடம் வரைக்கும் வந்து சக்கரம் மாற்றி, பின்தங்கிப் போய், கடைசிச் சுற்றில் பிடித்துத் தங்கம் வாங்கினார். நமக்கு சக்கரம் மாற்றித் தர ஆள் இல்லை, ஒரு டியூப், டயரைக் கழற்ற இரண்டு டயர் லிவர், கைப் பம்பு சட்டைப் பையில் இருந்தால் சரி.

இடம் பற்றியும் எழுத வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் சைக்கிளோடு நுழைவதை வீரமாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள், அது சட்டப்படி குற்றம், எங்கள் தடாகம் பக்கம் யானை நடமாட்டம் வேறு, தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். 2023 அக்டோபரில் கேரளாவின் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது, தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே தடம் அமைத்து நடத்தினார்கள். நம் நீலகிரியிலும் வால்பாறையிலும் இல்லாத தேயிலைத் தோட்டமா? தோட்டத்துக்காரர்கள் சம்மதத்தோடு ஒரு தடம், ஊருக்குப் பக்கத்தில் குளக்கரையில் ஒரு தடம், இதற்குப் பெரிய செலவு ஆகாது. போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது, முதல் முறை வருகிறவர்களுக்கு ஒரே சுற்றில் தனிப் பிரிவு வையுங்கள், எந்த சைக்கிளாக இருந்தாலும் பிரேக்கையும் ஹெல்மெட்டையும் மட்டும் சோதித்து உள்ளே விடுங்கள். பிளஸ் 1-ல் அரசு கொடுத்த சைக்கிளோடு ஒரு பிள்ளை வந்தாலும் நேரான மண் பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது அதே பச்சை வண்டியில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் கூட வருகிறான். பட்டறைத் தம்பியும் இரண்டு வாரமாக வருகிறான், தன் பழைய சைக்கிளில், புது பிரேக் கட்டை போட்டு.

ஆசிரியர் அவர்களே, அடுத்து மலைச் சைக்கிள் பற்றி எழுதும்போது பெரியதாக ஒரு படம் போடுங்கள்: சைக்கிளைப் பக்கவாட்டில் எடுத்த படம், முன் போர்க் எந்தப் பக்கம் வளைந்திருக்க வேண்டும், பிரேக் கட்டை ரிம்மில் எங்கே உட்கார வேண்டும் என்று அம்புக்குறி போட்டு. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்துக்கு முன்னால் வந்தால் நன்றாக இருக்கும், அப்போதுதான் பிள்ளைகளுக்கு நிறைய சைக்கிள் வாங்குகிறார்கள். படம் எடுக்க வண்டி வேண்டுமென்றால் என்னுடையதைத் துடைத்துத் தயாராக வைக்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை வாசகர்,
கணபதி, கோவை