செயலாளரின் ஆண்டறிக்கை: பொதுப் பெட்டியும் வியூஃபைண்டர் மேக்னிஃபையர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் பொதுப் பெட்டியில் உள்ள 1.25 மடங்கு, 1.4 மடங்கு மேக்னிஃபையர்களை, அதாவது ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் வியூஃபைண்டர் கண்துளையில் திருகி பிம்பத்தைப் பெரிதாக்கும் சிறு வில்லைகளை, யார், எந்தக் கேமராவுக்கு, எந்த லென்ஸுக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு முறை வகுக்கும்படி சென்ற பொதுக்குழு பணித்திருந்தது. முறை வகுத்தாயிற்று. பெட்டியைத் தேடி வந்தவர்களில் சிலருக்கு வேண்டியது மேக்னிஃபையரே அல்ல என்பதும் அந்த வேலையில் தெரியவந்தது. அதனால் இந்த அறிக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

முதலில் கணக்கு. ரேஞ்ச்ஃபைண்டர் என்பது இரு ஜன்னல்கள் வழியே வரும் பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் அமைப்பு. அந்த இரு ஜன்னல்களுக்கு இடையே உள்ள நீளத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவது பயனுறு அடிநீளம்; அது கூடக்கூட ஃபோகஸ் துல்லியமாகும். லைக்கா எம்6-இல் 69.25 மி.மீ., 0.72 மடங்கு, ஆக ஏறத்தாழ 50 மி.மீ. அதில் 1.25 மேக்னிஃபையரைத் திருகினால் 62.3 ஆகிறது. 1954-இல் வந்த எம்3, தன் 0.91 மடங்கு வியூஃபைண்டரில் எந்தத் துணையும் இல்லாமல் தருவதும் இதே 62.3-தான். எம்3 வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இது. 1.4 போட்டால் எம்6-இல் 69.8. பழைய திருகு மவுன்ட் லைக்கா III வகையில் ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தனிக் கண்துளை; அதிலேயே 1.5 மடங்கு பெருக்கம் உள்ளது.

கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணத்தை ஒரு ஆர்க்மினிட், அதாவது 0.0003 ரேடியன் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தின் வர்க்கத்தை 0.0003-ஆல் பெருக்கி, பயனுறு அடிநீளத்தால் வகுத்தால் ஃபோகஸில் வரக்கூடிய பிழை கிடைக்கும். எல்லாம் மி.மீ. கணக்கு. ஒரு மீட்டரில் எம்6-க்கு இது முன்னும் பின்னும் 6 மி.மீ.; 1.25 போட்டால் 4.8, 1.4 போட்டால் 4.3.

இதை லென்ஸோடு ஒப்பிட வேண்டும். 75 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், 0.03 மி.மீ. வட்டத்துக்கு (படத்தில் ஒரு புள்ளி அந்த அளவு வட்டமாக விரியும்வரை கூர்மை என்று கொண்டால்) கூர்மை ஆழம் மொத்தம் 14 மி.மீ., பக்கத்துக்கு 7. மேக்னிஃபையர் இல்லாத எம்6-இல் மிச்சம் ஒரு மி.மீ.தான். 90 மி.மீ. எஃப் 2-க்கும் ஏறக்குறைய இதே நிலை. 50 மி.மீ. எஃப் 1.4-க்குப் பக்கத்துக்கு 16 மி.மீ. கிடைப்பதால் கணக்குப்படி அதற்கு மேக்னிஃபையர் அவசியமே இல்லை. கண்ணுக்கு வசதி என்றால் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். டிஜிட்டல் படத்தை முழு அளவில் விரித்துப் பார்ப்பவர்களுக்கு 0.03 வட்டம் தாராளமானது; அவர்கள் இந்தக் கூர்மை ஆழ எண்களைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. லைக்கா சிஎல்லின் பயனுறு அடிநீளம் சுமார் 19 மி.மீ.; ஒரு மீட்டரில் பிழை 16 மி.மீ. வரை போகும். அதில் 90 எஃப் 2-ஐ மாட்டிவிட்டு 1.25-ஐ நம்புவது வீண்.

இவ்வளவும் ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருந்தால். மேக்னிஃபையர் பெருக்குவது கண் பார்க்கும் பிம்பத்தை மட்டும். லென்ஸின் ஃபோகஸ் தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்லும் பின்புறக் கேம் (சரிவு விளிம்பு), அதைத் தொடும் ரோலர் (சிறு உருளை), அதன் கை ஆகிய எதையும் அது திருத்தாது. ரோலர் சற்று விலகியிருந்தால், மேக்னிஃபையரோடு நீங்கள் தவறான இடத்தில்தான் இன்னும் துல்லியமாக ஃபோகஸ் செய்வீர்கள். ஆகவே பெட்டியைத் திறக்குமுன் இந்தச் சோதனை கட்டாயம்.

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ முடிவிலியில் பாருங்கள்; இரட்டை பிம்பம் பக்கவாட்டில் ஒன்றாக வேண்டும். மேலும் கீழுமாக விலகியிருந்தால் அது வேறு கோளாறு. மேக்னிஃபையர் வழியே அது பளிச்சென்று தெரியும், அதற்கு மட்டும் பெட்டியை இரவல் கேட்டாலும் தருவோம். அடுத்து ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஒரு மீட்டரில் அளவுகோலை 45 டிகிரி சாய்த்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தை முழுதாகக் கலைத்துவிட்டு, ஐந்து படம் முடிவிலிப் பக்கத்திலிருந்து வந்து, ஐந்து படம் அருகுப் பக்கத்திலிருந்து வந்து. பத்தும் ஒரே பக்கம் தவறினால் சரிக்கட்டல் பிழை. கேமராவும் லென்ஸும் சேர்ந்தே பழுதுபார்ப்பவரிடம் போகட்டும். முன்னும் பின்னுமாகச் சிதறினால் கண்ணின் பிழை, மேக்னிஃபையர் உதவும். வரும் திசைக்கு ஏற்ப இரண்டு குவியலாகப் பிரிந்தால் ஹெலிகாய்டிலோ (லென்ஸை முன்பின் நகர்த்தும் மரை) ரோலர் கையிலோ தளர்வு. ரோலரின் திருகை வீட்டில் யாரும் தொட வேண்டாம். முடிவிலியைச் சரிசெய்யப் போய் அருகு தூரத்தைக் கெடுத்துவிடுவது எளிது.

"போட்டதும் மங்கலாகிவிட்டது" என்பது அடிக்கடி வந்த புகார். எம் வகை வியூஃபைண்டர் மைனஸ் அரை டயோப்டருக்கு (மூக்குக்கண்ணாடியின் 'பவர்' அளவு) அமைந்தது. மேக்னிஃபையர் ஒரு சிறு தொலைநோக்கி. அது டயோப்டர் விலகலைத் தன் பெருக்கத்தின் வர்க்கத்தால் கூட்டும். 1.25-க்கு அந்த மைனஸ் அரை, மைனஸ் 0.8 ஆக மாறும்; 1.4-க்கு ஏறத்தாழ மைனஸ் ஒன்று. இளம் கண் அதைச் சமாளித்துவிடும்; நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குப் பெரும்பாலும் முடியாது. கண்துளையில் பொருத்தும் பார்வைத் திருத்த வில்லையை வாங்குமுன், கண் மருத்துவரிடம் உள்ள சோதனை வில்லைகளை மேக்னிஃபையர் பொருத்திய நிலையில் கண்ணுக்கு முன் பிடித்துப் பாருங்கள். டயோப்டர் வளையம் உள்ள மேக்னிஃபையர் என்றால், முதலில் படத்தின் எல்லையைக் காட்டும் ஃபிரேம் கோடுகள் கூர்மையாகும்வரை அதைத் திருகி, பிறகுதான் பிம்பத்தைப் பார்க்க வேண்டும்.

இழப்புகளும் உண்டு. 0.72 கேமராவில் 1.25 போட்டால் 28, 35 மி.மீ. லென்ஸ்களுக்கான ஃபிரேம்கள் போயின, 50 மிஞ்சும். 1.4-ஐ 75-க்குக் குறைந்த லென்ஸுக்குக் கேட்காதீர்கள். கண்ணாடி அணிந்தவர்களுக்கு இதிலும் குறுகும். பேட்ச் (இரட்டை பிம்பம் தெரியும் நடுக்கட்டம்) பெரிதாகும்போது அதன் ஒளி-நிழல் மாறுபாடு சற்றுக் குறையும். மங்கிய வெளிச்சத்தில், பழைய கேமராவின் வெளுத்த பேட்சில், ஒன்றுமே போடாமல் இருப்பதே மேல். வியூஃபைண்டரின் கீழ்விளிம்பில் ஒளிரும் மீட்டர் அம்புகளைப் பார்க்கக் கண்ணை நகர்த்த வேண்டிவரும். 1.4-இல் ஒரு ஆதாயம்: 0.72-ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 1.0, இரு கண்களையும் திறந்தே படமெடுக்கலாம்.

ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைச் சாய்த்துப் படத்தை அமைக்கும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். செங்குத்துப் படத்தில் எதிரே இருப்பவரின் கண்ணை மேல்விளிம்பை ஒட்டி வைக்க 10 டிகிரி சாய்த்தால், ஒரு மீட்டரில் கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் 15 மி.மீ. போய்விடும். மேக்னிஃபையர் மிச்சப்படுத்தித் தந்தது ஒன்றரை மி.மீ.

பொருத்தும் முறை: முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றி, மரை 'டக்' என்று உட்காருவதை உணர்ந்தபின் வலப்பக்கம் திருகவும். விரல் நுனிகள் போதும். மரை குறுக்கே ஏறினால் கேமராவின் கண்துளைதான் பாழாகும். சங்கிலியைப் பட்டை வளையத்தில் மாட்டாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. நடையின் அதிர்வில் தானாகவே கழன்றுவிடும். எம்10 முதல் கண்துளை பெரிது, அதற்குத் தனி அடாப்டர் பெட்டியின் இடப்பக்க உறையில் உள்ளது. திருப்பித் தரும்போது முன்வில்லையையும் துடைத்துத் தாருங்கள். கண்ணிமை எண்ணெய் பின்வில்லையில் படியும், அதை எல்லோரும் துடைக்கிறார்கள். கேமராவை ஒட்டியிருக்கும் முன்வில்லையில் ஈரம் பூத்து நிற்பதை யாரும் பார்ப்பதில்லை.

இரவல் காலம் இரண்டு வாரம். பதிவேட்டில் பெயரோடு கேமரா, லென்ஸ், அளவுகோல் சோதனையின் முடிவு மூன்றையும் எழுத வேண்டும். சோதனைப் பத்தி காலியாக இருந்தால் பொருள் தரப்படாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். 1.25-இன் ரப்பர் வளையம் ஒன்று பெட்டியில் இல்லை. அது இல்லாமல் உலோக விளிம்பு மூக்குக்கண்ணாடியைக் கீறும். கடைசியாக எடுத்தவர்கள் கேமராப் பையின் அடியில் ஒருமுறை தேடிப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்