திராட்டில் ஸ்விட்சை மாற்றுமுன் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராஸ்லின் தொழிற்சாலையில் தயாரான என் பழைய பி.எம்.டபிள்யூ 325i கார், ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சாலை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இறங்கியது; நிறுத்தினால் ஐடிலிங் (நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் வேகம்) ஏறியிறங்கியது. பட்டறையில் திராட்டில் ஸ்விட்சை, அதாவது எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டில் தட்டு மூடியிருக்கிறதா, முழுதும் திறந்திருக்கிறதா என்று அறிவிக்கும் ஸ்விட்சை, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். (பழைய ஸ்விட்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.)

இவ்வகை ஸ்விட்சில் இரண்டு தொடர்புகளே உண்டு: ஒன்று திராட்டில் மூடியிருக்கையில் இணைவது, மற்றது ஏறத்தாழ முழுதும் திறக்கையில் இணைவது. எனவே இக்னிஷனை அணைத்து, ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டர் என்ற மின்னளவுக் கருவியின் ஒரு முனையை ஸ்விட்சின் நடுவிலுள்ள 18 என்ற பொது முனையிலும் மற்றதை 2 என்ற முனையிலும் வைத்தால், திராட்டில் மூடிய நிலையில் ஓம் அளவு பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். சற்றே திறந்ததும் இணைப்பு அறுபடவேண்டும். முழுதாகத் திறக்கையில் 18க்கும் 3க்கும் இடையே இணைப்பு வரவேண்டும்.

என் காரில் முதல் தொடர்பு இணையவே இல்லை. ஸ்விட்சைப் பிடித்திருக்கும் இரு ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, திராட்டில் அசையத் தொடங்கியதுமே மெல்லிய ‘கிளிக்’ ஒலி கேட்கும் இடம்வரை ஸ்விட்சைத் திருப்பி, ஸ்க்ரூக்களை மீண்டும் முடுக்கினேன். ஐடிலிங் அடங்கிவிட்டது. திராட்டில் மூடும்போது அதை எல்லையில் நிறுத்தும் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அது தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. பொடென்ஷியோமீட்டர் வகை (திராட்டில் திறக்கத் திறக்க அளவு படிப்படியாக மாறும்) சென்சார் உள்ள கார்களுக்கு இம்முறை பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.