மார்கழிக் கோலக் கண்காட்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். புரசைவாக்கத்தில் உள்ள எங்கள் சிறிய காபிக் கடையில் சனிக்கிழமை மாலைகளில் ஓவியக் காட்சியும் கதை வாசிப்பும் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பும் நடந்துவருவதை இப்பகுதியினர் அறிவீர்கள். அந்த வரிசையில், சென்ற மார்கழியில் எங்கள் தெருப் பெண்கள் பல ஆண்டுகளாகக் காத்துவைத்திருந்த கோல நோட்டுகளைக் காட்சிக்கு வைத்தோம். அதை நடத்திக்கொடுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, நோட்டுகளைத் தந்த அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும். பழைய டைரிகளிலும், பிள்ளைகளின் கணக்கு நோட்டில் மீந்த தாள்களிலும், மளிகைப் பட்டியலுக்கு அருகிலும் வரைந்து வைத்திருந்த கோலங்களைப் பிறர் கையில் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். இதையெல்லாம் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர்களே, கண்காட்சி தொடங்கியதும், வந்தவர்களுக்கு, புள்ளிக்கு நேர் கீழே வைக்கும் நேர்ப்புள்ளி எது, இரு புள்ளிகளுக்கு நடுவே வைக்கும் இடைப்புள்ளி எது என்று நின்று விளக்கினார்கள். நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் இடைப்புள்ளியாக 8 வரை குறைத்துக்கொண்டு போனால் மொத்தம் 169 புள்ளிகள் வரும். அத்தனையையும் வளைத்து ஒரு சிக்குக் கோலத்தை, நோட்டைப் பாராமல், ஓரிடத்திலும் இழை பிசகாமல் கடை வாசலில் போட்டுக் காட்டினார் எங்கள் தெருவின் மூத்த அம்மா ஒருவர். சட்டமிட்டு மாட்டிய ஓவியத்துக்குத் தரும் மதிப்பை அந்தக் கைக்கும் தர வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

1850-இல் தொடங்கப்பெற்ற அரசு கவின் கலைக் கல்லூரி எங்கள் பகுதிக்கு அருகில் இருப்பது எங்கள் பேறு. அங்கே பயிலும் மாணவர்கள் சிலர் தாமாகவே வந்து, நைந்த தாள்களில் ஊசியோ பசையோ படக்கூடாது என்று சொல்லி, சாய்வுப் பலகைகளில் நோட்டுகளை விரித்து, பக்கங்களைப் பருத்தி நூலால் தளர்வாகப் பிடித்து நிறுத்தினார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னும் சுவரில் ஈரம் இருந்ததால், பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் தம் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய இந்த யோசனை எங்களுக்குத் தோன்றியிராது.

வாசலை விட்டுக்கொடுத்து வண்டிகளைத் தள்ளி நிறுத்திய ஆட்டோ நிறுத்தத் தோழர்களுக்கும், கூட்டத்தின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மாடி வீட்டாருக்கும், வாடகை ஏதும் கூட்டாமல் பின்னறையைத் திறந்துவிட்ட கட்டட உரிமையாளருக்கும் நன்றி. எங்கள் காபி மாஸ்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிற்பகலிலேயே ஃபில்டர்களை அடுக்கி, எவ்வளவு கூட்டம் வந்தாலும் முதல் டிகாக்‌ஷன் தவிர வேறெதையும் டம்ளரில் ஊற்ற மாட்டேன் என்று நின்றவர் அவர். கோலத்தைப் பார்க்க வந்த பெரியவர்கள் நெடுநேரம் உட்கார்ந்து பேசியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

விடியுமுன் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். கண்காட்சி நாட்களில் அவர்கள் வழக்கத்தைவிட முன்னதாக வந்து வாசலைச் சுத்தம் செய்து கொடுத்ததோடு, மறுநாள் காலையில் கோலத்தின் மேல் துடைப்பம் படாமல் அதைச் சுற்றிப் பெருக்கிச் சென்றார்கள். யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழில், அவர்கள் இசைந்தால், அவர்களுடைய பெயர்களை முதலில் அச்சிட விரும்புகிறோம்.

நோட்டுகளைப் படியெடுத்துத் தைத்து, தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்துவருகிறோம். இன்னும் பெற்றுக்கொள்ளாதவர்கள் காலை வேளையில் கடைக்கு வந்து, மூல நோட்டையும் பிரதியையும் வாங்கிச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். வர இயலாத பெரியவர்களின் வீட்டுக்கு நாங்களே கொண்டுவந்து தருவோம்.

மிக்க நன்றியுடன்,
காபிக் கடையினர்,
புரசைவாக்கம், சென்னை.